வடிவாக் கேக்கேல்லை

எங்கள் வீட்டுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்த ஒரு பெண்ணின் நற்பெயர் நான் சொன்ன ஒரு பதிலால் போயிற்று. அந்தப் பதிலில் இதுதான் பொய் என்று தொட்டுக் காட்டக்கூடிய சொல் அதிகம் இல்லை. அதனால்தான் அதைத் திருத்துவது கடினமாக இருந்தது என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது வயது போய்விட்டது. உண்மையைச் சொல்ல என்னைத் தடுப்பவர் யாரும் இல்லை. அப்போதும் இருக்கவில்லை.

முப்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் வீடு இணுவிலில் ஓர் ஒழுங்கையின் முடிவில் இருந்தது. ஐயா நொத்தாரிஸ். காணி உறுதி எழுதுவிக்க வருபவர்களுக்காகவே விறாந்தையை அகலமாகக் கட்டியிருந்தார். எனக்கு ஒரே ஒரு தங்கை. பெரியபிள்ளையானதும் அவளைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்திவிட்டார்கள். அது எல்லா வீட்டிலும் நடந்ததுதான். ஆனால் மலாயாவில் உத்தியோகம் பார்க்கும் எங்கள் ஆட்கள் லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டு கப்பலேறும் காலம் அது. அந்த மாப்பிள்ளைமார் இங்கிலிசு தெரிந்த பெண் கேட்டார்கள். அங்கே துரையின் மனைவி தேநீருக்குக் கூப்பிட்டால் பதில் சொல்லத் தெரியவேண்டுமாம். நிறுத்திய படிப்பை வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அம்மாவின் தம்பி, எங்கள் அம்மான், யாழ்ப்பாணப் பட்டணத்தில் விசாரித்து ஒருவரை ஒழுங்கு செய்தார். கோட்டைக்குக் கிட்ட இருந்த, போர்த்துக்கேயர் ஒல்லாந்தர் வழிவந்த பழைய பறங்கிக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். நாற்பது வயதிருக்கும். கல்யாணம் செய்யவில்லை. தகப்பன் அரசாங்கக் கச்சேரியில் எழுத்தராக இருந்து இறந்துவிட்டார். கண் தெரியாத தாயோடு இருந்தார். பஸ்ஸில் வந்து இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையால் நடந்து வருவார். முழங்காலுக்குக் கீழே இறங்கும் சட்டை, கறுப்புச் சப்பாத்து, அதற்குள் காலை மூடும் மேசு.

முதல்நாள் அவர் படியில் குந்தியிருந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அம்மா குசினி வாசலில் நின்று அம்மானிடம் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"உவவைப் பறங்கிச்சி எண்டாய். எங்கடை கறிச்சட்டி மாதிரியெல்லோ இருக்கிறா. உவவுக்கு இங்கிலிசு வருமோ?"

அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "வரும் அம்மா. தமிழும் வரும்."

அம்மான் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. பறங்கிச்சிக்குத் தமிழ் தெரியாது என்ற துணிவில் வாயைத் திறந்தவளுக்கு, தன் வீட்டில் தானே பிடிபட்டதுபோல் இருந்திருக்கும். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் யாழ்ப்பாணம், கதைப்பது எங்கள் தமிழ் என்பது எங்களுக்கு ஒருபோதும் முழுதாகப் பிடிபடவில்லை.

ஒழுங்குகள் அன்றே போடப்பட்டன. விறாந்தைக்கு அப்பால் அவர் வரமாட்டார். அவருக்கென்று ஒரு பிரம்புக் கதிரை. நாங்கள் உதடு படாமல் அண்ணாந்து குடிக்கும் மூக்குப்பேணி அவருக்குக் கொடுக்கப்படாது. அவருக்கு ஒரு கண்ணாடிக் கிளாசு. அது விறாந்தைத் தட்டில் தனியே கவிழ்ந்திருக்கும். அவர் போனபிறகு அம்மா கதிரைக்கும் படிக்கும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பாள். முன்னால் அவரை "மிஸ்" என்போம். படலையைத் தாண்டியதும் அவர் "சட்டைக்காரி".

கடைசி ஒழுங்கு என்னைப் பற்றியது. "குமர்ப்பிள்ளையைச் சட்டைக்காரியோடை தனிய விடேலாது" என்றாள் அம்மா. அவர்கள் மாட்டிறைச்சி தின்பவர்கள், குடிப்பவர்கள், ஆணும் பெண்ணும் கட்டிப்பிடித்து ஆடுபவர்கள். "பின்னேரமானால் அவையின்ரை வீட்டிலை டான்சும் போத்திலுந்தான்" என்று அம்மான் நேரில் பார்த்தவர்போலச் சொல்வார். பின்னேரங்களில் அவர் தன் தாய்க்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார் என்பதைப் பிறகு அறிந்தேன். ஆகவே பாடம் நடக்கும் நேரம் முழுவதும் நான் விறாந்தையில் பேப்பர் படித்துக்கொண்டு இருக்கவேண்டும். நான் மெற்றிக்குலேசன் பாஸ் செய்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். அந்தக் காவல்தான் எனக்கிருந்த ஒரே உத்தியோகம்.

அவர் நன்றாகப் படிப்பித்தார். வேறொன்றும் செய்யவில்லை. முன்பு ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கேட்டாராம். அங்கிருந்த வெள்ளைக்காரத் தலைமையாசிரியை, பெற்றோர்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவரைத்தான் விரும்புவார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். தங்கை கேட்டபோது ஒரு தடவை இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "சரி, அந்த வசனத்தை இறந்தகாலத்திலை சொல்லும்" என்றார். எங்கள் வீட்டைத் தவிர இன்னும் மூன்று வீடுகள், இணுவிலிலும் கொக்குவிலிலும், அவரை நம்பியிருந்தன. இல்லை, அவர்தான் அந்த வீடுகளை நம்பியிருந்தார்.

இரண்டாம் வருடம் அம்மான் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை மலாயாவில் ரெயில்வே உத்தியோகத்தர். லீவில் வந்து நின்றார். லீவு முடிவதற்குள் தாலி கட்டிக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். சாதகம் பொருந்தியது. மேலதிகமாக இன்னொன்றும் பேசப்பட்டது. பெண்ணின் தமையனையும் அங்கே எடுத்து ரெயில்வேயில் ஓர் இடம் பார்த்துத் தருவார் மாப்பிள்ளை. அதைக் கேட்ட நாளிலிருந்து நான் மனதளவில் மலாயாவில்தான் இருந்தேன். வெள்ளைக் காற்சட்டை போட்டுக்கொண்டு பிளாற்போமில் நடந்தேன்.

அப்போதுதான் மலாயாவில் சிரம்பானிலிருந்து திரும்பியிருந்த என் கூட்டாளி ஒருவனைக் கொக்குவில் சந்தியில் கண்டேன். மாப்பிள்ளையின் ஊரையும் வேலையையும் சொன்னதும் அவன் ஒரு மாதிரிச் சிரித்தான்.

"அவரோ? அவருக்கு அங்கை ஒரு சீனத்தி இருக்கிறாளெல்லோ. பிள்ளையும் நடந்து திரியுது. ஐஞ்சாறு வருசமா ஒரு வீட்டிலைதான்."

நான் இதை ஐயாவிடம் சொல்லியிருக்கவேண்டும். ஐயா கோபக்காரர், ஆனால் தெரிந்துகொண்டே மகளைப் படுகுழியில் தள்ளுகிறவர் அல்ல. சம்பந்தத்தை அன்றே நிறுத்தியிருப்பார். சம்பந்தம் நின்றால் என் பிளாற்போமும் நின்றுவிடும். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. கிணற்றடியில் தங்கை தனியே நின்றபோது அவளிடம் சொன்னேன். என் நெஞ்சிலிருந்த பாரத்தை அவள் தலையில் வைத்தேன் என்பதே சரி.

"கட்டினவரோ?" என்று கேட்டாள்.

"சீனத்தியை ஆர் கட்டுறது?" என்றேன்.

அவள் வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தாள். "அப்ப அந்தப் பிள்ளை?"

மாப்பிள்ளை செய்த பிழை அந்தப் பெண் சீனத்தியாக இருந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவளையும் பிள்ளையையும் விட்டுவிட்டு இங்கே பெண் கேட்டு வந்ததுதான் பிழை என்று தங்கைக்கு உடனே தெரிந்தது.

"ஐயாட்டைச் சொல்லுங்கோ அண்ணை."

"நான் சொல்லேலாது. என்ரை வேலையும் உதிலைதான் இருக்கு."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"நீ கோயிலுக்குப் போனால்தானே பாப்பினம்" என்றேன். விளையாட்டாகச் சொன்னதாகப் பிறகு நினைத்துக்கொண்டேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது வீட்டில் அல்ல, கோயிலில். வெள்ளிக்கிழமை பூசைக்குப் பெண் போவாள். மாப்பிள்ளை வீட்டாரும் தற்செயலாக வந்ததுபோல வருவார்கள். பிடிக்காவிட்டால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை. பெண் கோயிலுக்கு வராவிட்டால் மட்டும் எல்லாம் அப்படியே நின்றுவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை தங்கை அம்மாவிடம் "எனக்கு ஏலாது" என்றாள். துடக்கு. மாதவிலக்கானவள் கோயிற் படியை மிதிக்கக்கூடாது. அதற்கு மேல் யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. அம்மா நெற்றியில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். அம்மான் மட்டும் கோயிலுக்குப் போய், மாப்பிள்ளை வீட்டாரோடு வீதியைச் சுற்றிச்சுற்றி நடந்து, காரணத்தை மென்று விழுங்கிச் சொல்லிவிட்டு வந்தார்.

தங்கை மூலையறைக்குப் போனாள். தனிப் பாய், தனிக் கோப்பை. அந்த நாட்களில் வீட்டில் யாரும் அவளைத் தொடமாட்டோம், கிட்டப் போகமாட்டோம். ஆனால் பாடம் நின்றதில்லை; அதற்கு மட்டும் விறாந்தைக்கு வருவாள். "சட்டைக்காரிக்கு என்ன துடக்கு?" என்று அம்மா எப்போதோ தீர்ப்புச் சொல்லியிருந்தாள். ஆகவே மிஸ் வந்து அவளுக்குப் பக்கத்தில் வழமைபோல இருப்பார். நான் மட்டும் என் கதிரையை விறாந்தையின் மற்ற அந்தத்துக்குத் தள்ளிப் போட்டுக்கொள்வேன்.

தள்ளி என்றாலும் ஒரே விறாந்தை. அன்று பாடத்தின் நடுவில் தங்கை அழத் தொடங்கினாள். குசினிக்குள் அம்மா இருந்தபடியால் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னாள். தனக்குத் துடக்கு இல்லை, பொய் சொன்னேன், மாப்பிள்ளைக்கு அங்கே மனைவிபோல ஒருத்தியும் பிள்ளையும் இருக்கிறார்கள், இதை அண்ணை சொன்னவர். அவள் தடுமாறாமல் பேசிய முதல் நீளமான ஆங்கிலம் அதுதான். ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது.

மிஸ் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் பேப்பரை உயர்த்திக்கொண்டேன்.

பிறகு அவர் தங்கைக்குச் சொன்னதையும் கேட்டேன். பொய் சொல்லித் தப்பாதே. அது உன்னைத்தான் கடைசியில் பிடிக்கும். உன் தகப்பனிடம் போய் உள்ளதைச் சொல்லு. தனியே சொல்லப் பயமென்றால் நான் பக்கத்தில் நிற்கிறேன். இவ்வளவுதான். ஒரு தாய் சொல்லியிருக்கவேண்டியது. தங்கை தலையாட்டினாள். ஆனால் சொல்லவில்லை. ஐயாவிடம் சொன்னால் "ஆர் உனக்குச் சொன்னது?" என்று கேட்பார். என்னைக் காட்டிக்கொடுக்கவேண்டி வரும். அவள் எனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டாள்.

லீவு முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மான் திரும்பவும் ஒரு வெள்ளிக்கிழமையை ஒழுங்கு செய்தார். முதல் வெள்ளியிலிருந்து இரண்டு கிழமைகூட ஆகியிருக்காது. காலையில் தங்கை மறுபடியும் "எனக்கு ஏலாது" என்றாள்.

அம்மா முதலில் பயந்துதான் போனாள். பிள்ளைக்கு ஏதோ வருத்தம், பரியாரியாரிடம் மருந்து எடுக்கவேண்டும் என்றாள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் முறையும் கோயிலில் காத்திருந்துவிட்டு, இம்முறை அம்மானோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் போனார்கள். மத்தியானம் கட்டாடியின் பெண்சாதி உடுப்பு எடுக்க வந்தாள். துடக்கு நாட்களுக்கு மாற்றுச் சீலை கொண்டுவந்து கொடுப்பதும் திருப்பி எடுத்து வெளுப்பதும் அவள்தான். அம்மா அவளிடம் மெல்ல விசாரித்தாள்.

"என்ன நாச்சியார் கேக்கிறியள்? போன மாசத்துக்குப் பிறகு பிள்ளையின்ரை சீலை ஒண்டும் என்னட்டை வரேல்லையே."

அம்மா மூலையறைக்குள் போன சத்தமும், பிறகு இரண்டு அடியின் சத்தமும் கேட்டன. தங்கை அழவில்லை. அம்மா வெளியே வந்து விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் கோபத்தைவிடப் பயம் கூடுதலாக இருந்தது. துடக்கைச் சொல்லிப் பொய்யாகத் தப்புவது எங்கள் வீடுகளில் யாரும் நினைத்துப் பார்க்கக்கூடிய காரியம் அல்ல. துடக்கில் பொய் சொல்பவள் உண்மையான துடக்கு நாளில் சொல்லாமல் அடுப்படியையோ விளக்கையோ தொட்டிருந்தால் என்ற பயமும் வேறு. அப்படியானால் இதை நினைத்தது யார்?

அம்மானுக்கு விடை தெரிந்தே இருந்தது. "துடக்கு எண்டால் என்னெண்டு தெரியாத ஆக்கள்தான் அதை வைச்சு விளையாடுவினம். எங்கடை பெட்டையின்ரை வாயிலை உது தானா வருமோ? துடக்கெண்டு ஒருத்தரும் கிட்டப் போகாத நாளிலை பக்கத்திலை ஒட்டிக்கொண்டு இருந்தது ஆர்?"

எல்லாம் பொருந்திவிட்டது. அந்தப் பொருத்தத்தைப் பார்த்து நானே ஒரு கணம் நம்பினேன். நம்பினால் எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த பாடநாள் வந்தது. ஐயா தன் சாய்மனைக் கதிரையில் இருந்தார். அம்மான் அவருக்குப் பக்கத்தில் நின்றார். அம்மா கதவுக்குப் பின்னால். நான் என் வழமையான கதிரையில். மிஸ்ஸின் பிரம்புக் கதிரையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள்.

அவர் சப்பாத்துக் கழற்றிவிட்டுப் படியேறியதும் அந்தக் கதிரையைக் கண்டார். நின்றபடியே "என்ன ஐயா?" என்றார்.

"உங்களை நாங்கள் மரியாதையாத்தான் வைச்சிருந்தனாங்கள்" என்றார் ஐயா.

அவர் குடையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்கினது ஆர்?"

"என்ன பொய் ஐயா?"

அம்மான் குறுக்கிட்டார். "ஒண்டும் தெரியாதாம். துடக்கு எண்டு சொல்லிக் கோயிலுக்குப் போகாமல் நிக்கச் சொல்லிக் குடுத்தது ஆர் எண்டு அத்தான் கேக்கிறார். இல்லாட்டி இங்கிலிசிலை கேக்கவேணுமோ?"

மிஸ்ஸின் முகம் மாறியதை நான் கண்டேன். தங்கை இன்னும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்கும். உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னது உங்கள் மகன்தான் என்று அவர் அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம்.

"நான் அப்பிடி ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை" என்றார். "பொய் சொல்லவேண்டாம், உங்களிட்டை வந்து கதைக்கச் சொல்லித்தான் சொன்னனான். தம்பி ஒவ்வொரு பாடத்துக்கும் இஞ்சைதான் இருந்தவர். அவரைக் கேளுங்கோ."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கதவிடுக்கில் அம்மாவின் தோளுக்கு மேலாகத் தங்கையின் கண்கள் தெரிந்தன.

"தம்பி" என்றார் ஐயா. "நீ என்ன கேட்டனீ?"

அவர் கேட்ட விதத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. நான் என்ன சொன்னாலும் அதுவே தீர்ப்பு. அம்மான்கூட வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். அந்த வீட்டில் என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்கு அவ்வளவு பெறுமதி அதற்கு முன் இருந்ததில்லை.

"துடக்கு நாளிலை நான் தள்ளித்தானே ஐயா இருந்தனான்" என்றேன். "அவை இங்கிலிசிலை மெதுவாக் கதைச்சவை. எனக்கு வடிவாக் கேக்கேல்லை."

நான் தள்ளித்தான் இருந்தேன். ஆங்கிலத்தில்தான் கதைத்தார்கள். மெதுவாகவும்தான். தெளிவாகக் கேட்கவில்லை என்ற கடைசி வசனம் மட்டுமே பொய். ஆனால் அந்த மூன்று உண்மைகளும் அந்தப் பொய்யைவிடக் கூடுதலான வேலை செய்தன.

"கேட்டியளே அத்தான்" என்றார் அம்மான். "இங்கிலிசிலை. மெதுவா."

உள்ளிருந்து தங்கை "மிஸ் சொல்லேல்லை ஐயா. நானாத்தான் சொன்னனான்" என்றாள்.

"உன்னை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார் ஐயா. அம்மா அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அப்போதும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மிஸ் படியில் குந்தியிருந்து சப்பாத்துப் போட்டார். முடிச்சுப் போட அவருக்கு வழமையைவிட அதிக நேரம் எடுத்தது. யாரும் அசையவில்லை. எழுந்து குடையை விரித்தார். "என்ரை தாயும் எனக்குப் பொய் சொல்லப் பழக்கேல்லை" என்று மட்டும் சொன்னார். ஐயாவைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் படலைக்குப் போய்ச் சேருமுன்னரே அம்மா தட்டிலிருந்த கிளாசை எடுத்து வேலியோரக் குப்பைக்குள் எறிந்தாள். அது கல்லில் பட்டு உடைந்தது. அவருடைய குடை ஒரு தடவை நின்றது, பிறகு போயிற்று.

இதன் பிறகு நடந்தது நான் கணக்குப் போட்டதற்கு எதிராக இருந்தது. பிள்ளையின் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்து அம்மான் ஊரெல்லாம் சொன்னார்: பிழை எங்கள் பெண்ணில் இல்லை, சட்டைக்காரி கெடுத்துவிட்டாள். அது மாப்பிள்ளை வீட்டுக்கும் போனது. சட்டைக்காரி கெடுத்த பெண் தங்களுக்கு வேண்டாம் என்றார்கள். அச்சுவேலிப் பக்கத்தில் வேறொரு பெண்ணைப் பார்த்துக் கட்டிக்கொண்டு கப்பலேறினார் மாப்பிள்ளை. என் மலாயாவும் அதோடு போயிற்று. மற்ற மூன்று வீடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக மிஸ்ஸை நிறுத்தின. அந்த வீடுகளில் எங்கள் வீட்டுக் கதைக்கு மேல் யாரும் சாட்சி கேட்கவில்லை. நொத்தாரிஸின் மகன் பக்கத்தில் இருந்தவன், அவனே சொன்னானாம் என்றார்களாம். நான் சொன்னது என்ன என்பது யாருக்கும் தேவைப்படவில்லை.

எனக்குக் கொழும்பில் அரசாங்க எழுத்தர் வேலை கிடைத்தது. சில வருடங்களில் தங்கைக்கும் நீர்வேலியில் ஓர் ஆசிரியரோடு கல்யாணம் ஆயிற்று. நல்ல மனிதர். கல்யாண வீட்டின் சந்தடியில் அவள் என் கையைப் பிடித்து, "மிஸ்ஸிட்டை ஒருக்காப் போங்கோ அண்ணை" என்றாள். அந்தப் பேச்சை அவள் எடுத்தது அந்த ஒரு தடவைதான்.

இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் லீவில் வந்தபோது போனேன். பட்டணத்தில் ஓடு இறங்கிய சிறிய வீடு. முன்னறையில் ஒரு தையல் மெசின், அதன்மேல் குழந்தைச் சட்டைகள். யன்னலடியில் தாய், கிழவி, என் காலடிச் சத்தத்துக்கு முகத்தைத் திருப்பினார். மிஸ்ஸின் தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டு அதிரவில்லை.

"இரும் தம்பி" என்றார். மெசினைக் காட்டி, "எல்லா வீட்டுக்காரரும் எனக்குத் தைக்கத் தெரியுமோ எண்டுதான் கேக்கிறவை. இப்ப தைக்கிறன்" என்றார். உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடியும்வரை அவர் ஒரு சட்டைக் கைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார். "தங்கச்சி அண்டைக்கே எனக்குச் சொன்னவதானே."

"பிறகேன் மிஸ் நீங்கள் என்னைச் சொல்லேல்லை?"

"நான் சொன்னால் நம்பியிருப்பினமோ? நல்ல வீட்டு மகனிலை ஒரு சட்டைக்காரி பழி போட்டவ எண்டு அதையும் சேர்த்துச் சொல்லியிருப்பினம். நீர் சொன்னால் நம்பியிருப்பினம். அதுதான் உம்மைக் கேக்கச் சொன்னனான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. குடிக்கத்தான் நினைத்தேன், கை போகவில்லை. எத்தனையோ வருடக் கொழும்பு வாழ்க்கையில் கண்ட கடையிலெல்லாம் தேநீர் குடித்தவன் நான். ஆனால் பறங்கி வீட்டுக் கோப்பை முன்னால் இருந்ததும் என் கைக்குள் அம்மா வந்து நின்றாள். மிஸ் அதைக் கண்டுவிட்டார்.

"எங்கடை வீட்டிலை வாறாக்களுக்கெண்டு வேறை கோப்பை இல்லைத் தம்பி" என்றார். "எல்லாருக்கும் ஒண்டுதான்."

எடுத்துக் குடித்தேன். முழுவதையும் குடித்தேன்.

"உங்கடை ஐயா இருக்கிறாரோ?" என்று கேட்டார்.

"ஓம். சுகமா இருக்கிறார்."

"அப்ப என்னட்டை ஏன் வந்தனீர்? எனக்குத்தான் நடந்தது தெரியுமே. அவரிட்டைப் போம். அந்த மூண்டு வீட்டுக்கும் போம்."

"போறன் மிஸ்" என்றேன்.

கிழவி யன்னலடியிலிருந்து ஆங்கிலத்தில் "யார் வந்தது?" என்று கேட்டார். "முன்பு படிப்பித்த பிள்ளையின் அண்ணன்" என்று மிஸ் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். "நல்ல வீட்டுப் பிள்ளைகள்" என்றார் கிழவி. மிஸ் ஊசியில் நூல் கோர்த்தார்.

நான் ஐயாவிடம் சொல்லவில்லை. அவர் அதன்பின் பத்து வருடத்துக்கு மேல் இருந்தார். நான் ஒவ்வொரு லீவிலும் அவருக்குப் பக்கத்தில், அந்த விறாந்தையில், இருந்தேன். சட்டைக்காரி தன் மகளைக் கெடுக்கப் பார்த்தவள் என்ற எண்ணத்தோடுதான் அவர் இறந்தார். மற்ற வீடுகளில் அன்றைக்கிருந்த பெரியவர்களும் அப்படியே போய்விட்டார்கள். மிஸ் எப்போது இறந்தார் என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. ஐயா கேட்டதற்கு நான் சொல்லியிருக்கவேண்டிய பதில் இது: ஓம் ஐயா, எல்லாம் கேட்டது. மிஸ் உங்களிடம் உண்மையைச் சொல்லச் சொன்னார். மாப்பிள்ளையின் கதையைத் தங்கைக்குச் சொன்னவன் நான். கோயிலுக்குப் போகாதே என்று வழி காட்டியவனும் நான்.

அன்று பட்டணத்திலிருந்து திரும்பியபோது இதைச் சொல்வதென்று தீர்மானித்துக்கொண்டுதான் பஸ்ஸால் இறங்கினேன். ஒழுங்கை முழுவதும் வசனங்களைக் கட்டிக்கொண்டு நடந்தேன். ஐயா சாய்மனைக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் படியில் சப்பாத்தைக் கழற்றினேன். அம்மா வாசலுக்கு வந்தாள்.

"வெயிலுக்குள்ளாலை எங்கை போட்டு வாறாய்? எங்கையும் தேத்தண்ணி குடிச்சனியோ?"

ஐயா பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார்.

"இல்லை அம்மா" என்றேன். அம்மா உள்ளே போய் மூக்குப்பேணியில் கொண்டுவந்து தந்தாள். அண்ணாந்து குடித்தேன்.